திறந்த மடைக்கு யார் பொறுப்பு?

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் தேதி. நமது கடிகாரப்படி மாலை 4 மணி. உலகத்தின் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் இன்டர்நெட் தடுமாறியது. கடலுக்கடியில் கேபிள் எதுவும் அறுந்துவிடவில்லை. யாரும் குண்டு வைக்கவில்லை. மின்சாரம் இருந்தது. யந்திரங்கள் ஓடின. கம்பிகள் கம்பிகளாகவே இருந்தன. ஆனாலும் அமேசான், லினோட், கிளவுட்ஃபிளேர் போன்ற பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குப் போக வேண்டிய தகவல்கள் போய்ச் சேரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்களை நம்பியிருந்த எத்தனையோ கடைகளும் ஆபீசுகளும் ஜனங்களும் சுமார் இரண்டு மணி நேரம் திண்டாடினார்கள்.

பழுது எங்கே என்று தேடிப் போனவர்கள் கடைசியில் எங்கே போய் நின்றார்கள் தெரியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஓர் உலோக ஆலைக் கம்பெனியின் வாசலில்! அல்லகேனி டெக்னாலஜீஸ் என்பது அன்று அதன் பெயர். அப்போது அது பிட்ஸ்பர்க் நகரத்துக் கம்பெனி. விசேஷ உருக்கும் டைட்டானியமும் உற்பத்தி செய்வது அதன் தொழில்.

உலோகம் உருக்குகிற கம்பெனிக்கும் உலகத்தின் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து கொள்வது ஆலைத் தொழிலாளிக்கும் அவசியம், விவசாயத் தொழிலாளிக்கும் அவசியம்.

"இது எஞ்சினீயர்கள் விஷயம், நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து அரிசி வாங்குவது யார்? கூலி பாங்குக் கணக்கில் விழுந்ததா என்று நடையாய் நடப்பது யார்? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போன் வழியாகப் போட்டோ எடுத்து ஹாஜர் போடுவதைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது "நெட் இல்லை" என்ற இரண்டு வார்த்தையால் கூலிக்குத் தவித்தது யார்? நாம்தான். நம் அரிசியும் கூலியும் எந்தப் பாதையில் வருகின்றனவோ அந்தப் பாதை யார் கையில் இருக்கிறது, அது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்து கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு.

இன்டர்நெட் ஒன்றல்ல, பல

இன்டர்நெட் என்றதும் எங்கோ ஆகாயத்தில் இருக்கிற ஒரே பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. டெலிபோன் கம்பெனிகள், பாங்குகள், சர்வகலாசாலைகள், சர்க்கார் இலாக்காக்கள், பெரிய ஆலைகள் ஆகியவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வலையமைப்பு வைத்திருக்கின்றன. உலகத்தில் இப்படி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வலையமைப்புகள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதற்குத்தான் இன்டர்நெட் என்று பெயர்.

ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது? ஒவ்வொரு வலையமைப்பும் தன் பக்கத்து வலையமைப்பிடம், "இன்ன இன்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று சொல்கிறது. கேட்டவர் அதை நம்புகிறார். தன் அடுத்த பக்கத்துக்காரரிடம் சொல்கிறார். இப்படி வாய் வழிச் செய்தி போல அது உலகமெல்லாம் பரவுகிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பி.ஜி.பி. என்று பெயர். 1989இல் சிஸ்கோ கம்பெனியைச் சேர்ந்த கர்க் லாகீடு, ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த யாக்கோவ் ரெக்டர் என்ற இரு எஞ்சினீயர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கை துடைக்கும் காகிதங்களில் இதன் முதல் வரைபடத்தை எழுதினார்கள். அன்றைக்கு இருந்த வலையமைப்புகள் கொஞ்சம். ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே, "சொன்னால் நம்பு" என்பதே விதியாக இருந்தது.

வழி சொல்வதில் இன்னொரு விதியும் உண்டு. தபால் பிரிக்கிற தொழிலாளியிடம் ஒருவர், "கோவை மாவட்டத்துக் கடிதங்கள் எல்லாம் என்னிடம் கொடு" என்கிறார். மற்றொருவர், "சிங்காநல்லூர்க் கடிதங்களை என்னிடம் கொடு" என்கிறார். சிங்காநல்லூருக்கு ஒரு கடிதம் வந்தால் யாரிடம் போகும்? குறிப்பாகச் சொன்ன இரண்டாமவரிடம்தான் போகும். இன்டர்நெட்டிலும் இதே விதிதான். பெரிய தொகுதியாகச் சொன்னவரை விட, சிறிய தொகுதியாகக் குறிப்பிட்டுச் சொன்னவர் பேச்சே எடுபடும். அவர் சொல்வது உண்மையா என்று பி.ஜி.பி. தானாகக் கேட்பதில்லை.

இரண்டு வாய்க்காலுக்கு நடுவே ஒரு வயல்

ஒரே கம்பெனியிடம் இணைப்பு வாங்கினால், அது கெட்டுப்போகும்போது வேலை முழுவதும் நின்றுவிடும். ஆகவே பெரிய ஆலைகள் இரண்டு மூன்று கம்பெனிகளிடம் இணைப்பு வாங்குகின்றன. பஞ்சாலைக்கு இரண்டு மின்பாதை இருப்பது போல. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதில் மீறக்கூடாத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

விவசாயத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்ன வயல். அதன் மேல் பக்கம் ஒரு வாய்க்கால், கீழ்ப் பக்கம் ஒரு வாய்க்கால். இரண்டிலிருந்தும் அந்த வயல் தண்ணீர் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் ஒரு வாய்க்காலின் தண்ணீர் வயல் வழியாக இன்னொரு வாய்க்காலுக்குப் பாயும்படி மடையைத் திறந்து விட்டால் என்ன ஆகும்? ஊர்த் தண்ணீர் எல்லாம் அந்த வயலுக்குள் புகும். வரப்பு உடையும். பயிர் அழியும். அடுத்த வாய்க்காலை நம்பி இருப்பவர்களுக்கும் தண்ணீர் போய்ச் சேராது.

இன்டர்நெட்டிலும் இதே நியாயம்தான். இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கியவர், தன் சொந்த முகவரிகளை மட்டுமே இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியிடம் கேட்டுக் கொண்ட வழிகளை மற்றக் கம்பெனியிடம் சொல்லவே கூடாது. சொன்னால், "ஊருக்கெல்லாம் என் வயல் வழியாகப் பாதை" என்று தண்டோரா போட்டதற்குச் சமம்.

அன்று நடந்தது என்ன?

அந்த உலோகக் கம்பெனிக்கு இரண்டு இணைப்புகள் இருந்தன. ஒன்று, டி.க்யூ.ஈ. கம்யூனிகேஷன்ஸ் என்ற உள்ளூர்க் கம்பெனி தந்தது. மற்றொன்று, வெரைசன் தந்தது. வெரைசன் அமெரிக்காவின் மிகப் பெரிய டெலிபோன் கம்பெனிகளில் ஒன்று.

டி.க்யூ.ஈ. தன் வலையமைப்புக்குள் ஒரு யந்திரத்தை வைத்திருந்தது. போக்குவரத்தை இந்தப் பாதையிலிருந்து அந்தப் பாதைக்கு மாற்றி மாற்றி அனுப்பி, இருக்கிற இணைப்புகளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது அந்த மாதிரி யந்திரத்தின் வேலை. இதற்காக அது மற்றவர்களின் முகவரித் தொகுதிகளைச் சிறு துண்டுகளாகப் பிளந்து, இல்லாத வழிகளை உண்டாக்கும். உதாரணமாக, கிளவுட்ஃபிளேருக்குச் சொந்தமான 4,096 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை அது 2,048 முகவரிகள் கொண்ட இரண்டு துண்டுகளாக்கியது. இந்தப் பொய் வழிகள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவை. வாசல் தாண்டக் கூடாதவை.

வாசல் தாண்டின. டி.க்யூ.ஈ. அவற்றைத் தன் வாடிக்கையாளரான உலோகக் கம்பெனியிடம் சொன்னது. உலோகக் கம்பெனியின் கருவி அவற்றை அப்படியே வெரைசனிடம் சொன்னது. வெரைசனோ, ஓர் உலோகக் கம்பெனி திடீரென்று உலகத்தின் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் வழி சொல்கிறதே, இது நடக்கக் கூடியதா என்று ஒரு கணமும் சோதிக்கவில்லை. ஏற்றுக் கொண்டது. உலகத்துக்கே எடுத்துச் சொன்னது. வெரைசன் சொன்னதால் உலகம் நம்பியது. சிறு துண்டாகச் சொன்ன பேச்சே எடுபடும் என்ற விதிப்படி, போக்குவரத்து அந்தச் சின்ன வயலை நோக்கித் திரும்பியது. ஆற்று வெள்ளத்தைக் கண்ணி வாய்க்கால் தாங்குமா? மோசமான கட்டத்தில் உலகம் முழுவதிலும் தன் போக்குவரத்தில் சுமார் 15 சதவீதம் போய்விட்டது என்று கிளவுட்ஃபிளேர் கூறியது.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

இப்படிப்பட்ட பழுதைத் தேடுவதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. நூல் அறுந்தால் எந்தக் கதிரில் அறுந்தது என்று தொழிலாளி தேடுவது போலத்தான்.

முதலில், கெட்டது எல்லா இடத்துக்கும் போகிற வழியா, சில இடங்களுக்குப் போகிற வழி மட்டுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாமே நின்றிருந்தால் கோளாறு வீட்டுப் பக்கத்தில் இருக்கக் கூடும். சில மட்டும் நின்றிருந்தால் வெளியில் தேட வேண்டும். இரண்டாவது, இரண்டு இணைப்புகள் இருக்கிறவர் ஒன்றை மூடி மற்றொன்றில் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றில் போகிறது, இன்னொன்றில் போகவில்லை என்றால் தேட வேண்டிய திசை தெரிந்துவிட்டது. மூன்றாவது, தகவல் எந்தெந்த நிலையங்களைத் தாண்டிப் போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கும் முறை ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் சம்பந்தமில்லாத பெயர் வந்தால் அங்கே நிற்க வேண்டும். அமேசானுக்குப் போகிற பாதையில் உலோக ஆலைக்கு என்ன வேலை?

நான்காவது விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஒரு கம்பெனி வழியாகப் போன கேள்விக்கு இன்னொரு கம்பெனி வழியாகப் பதில் வரலாம். ஆகவே ஒரு முனையிலிருந்து மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்த முனையிலிருந்தும், பல ஊர்களிலிருந்தும் பார்க்க வேண்டும். இதற்கென்றே அமெரிக்காவின் ஓரிகான் சர்வகலாசாலை பல ஆண்டுகளாக ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை நடத்தி வருகிறது. யார் எந்த முகவரிக்கு வழி சொல்கிறார்கள் என்ற விவரத்தை அது சேகரித்து, காசு வாங்காமல் எல்லாருக்கும் தருகிறது. ஐரோப்பாவிலும் ரைப் என்ற அமைப்பு இதைச் செய்கிறது. லாப நோக்கமில்லாத இந்தப் பொது ஏற்பாடுகள் இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகளின் எஞ்சினீயர்கள் கூட இருட்டில்தான் துழாவ வேண்டும்.

ஐந்தாவதாகச் செய்ய வேண்டியது, மடையைத் திறந்து வைத்திருப்பவரைக் கூப்பிட்டு மூடச் சொல்வது. 2019இல் இங்கேதான் கதை அம்பலமானது. கிளவுட்ஃபிளேர் எஞ்சினீயர்கள் வெரைசனுக்குக் கடிதம் அனுப்பினார்கள், டெலிபோன் செய்தார்கள். எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் பதில் வரவில்லை என்று அவர்கள் அன்றே பகிரங்கமாக எழுதினார்கள். சின்னக் கம்பெனியான டி.க்யூ.ஈ.யில் ஒருவர் டெலிபோனை எடுத்தார். விஷயத்தைக் கேட்டார். அந்தப் பொய் வழிகளை உலோகக் கம்பெனிக்குச் சொல்வதை நிறுத்தினார். பழுது தீர்ந்தது.

கோடி கோடியாக லாபம் ஈட்டும் ராட்சசக் கம்பெனியின் கதவு திறக்கவில்லை. சின்னக் கம்பெனியில் வேலையில் இருந்த ஒரு மனிதர் திறந்தார். இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

யார் குற்றம்?

உள்ளே பொய் வழி உண்டாக்கி வெளியே கசிய விட்டது டி.க்யூ.ஈ.யின் தவறு. கேட்டதையெல்லாம் மற்றவரிடம் சொன்னது உலோகக் கம்பெனியின் தவறு. ஆனால் இந்த இரண்டு தவறும் சேர்ந்தாலும் வெள்ளம் ஊருக்குள் வந்திருக்காது. பெரிய மடையில் உட்கார்ந்திருந்தது வெரைசன். வாடிக்கையாளர் தன்னுடைய முகவரிகளை மட்டும்தான் சொல்கிறாரா என்று பார்க்கும் சல்லடை அதனிடம் இல்லை. சில தொகுதிகள் மட்டுமே சொல்ல வேண்டியவர் திடீரென்று ஆயிரக்கணக்கில் சொன்னால் தொடர்பைத் தானே துண்டிக்கும் ஏற்பாடு இல்லை. இவை புதிய கண்டுபிடிப்புகளா? இல்லை. காசு கொட்டி வாங்க வேண்டிய பொருள்களா? அதுவும் இல்லை. அவர்களிடம் இருந்த கருவிகளிலேயே சில வரிகள் எழுதினால் போதும். எழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். எழுதியது சரியாக இருக்கிறதா என்று மாதா மாதம் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்!

மூன்றாவதாக ஒரு பாதுகாப்பும் உண்டு. எந்த முகவரித் தொகுதிக்கு எந்த வலையமைப்பு உரியது, அதை எவ்வளவு சிறிதாகப் பிளக்கலாம் என்பதற்கு முத்திரை குத்திய பத்திரம் போன்ற ஏற்பாடு அது. ஆர்.பி.கே.ஐ. என்று பெயர். கிளவுட்ஃபிளேர் தன் தொகுதிக்கு அப்படிப் பத்திரம் பதிந்திருந்தது. பத்திரத்தைப் பார்த்திருந்தால், துண்டு போட்ட வழி செல்லாது என்று வாசலிலேயே தள்ளியிருக்கலாம். ஏ.டி. அண்டு டி. என்ற இன்னொரு பெரிய அமெரிக்கக் கம்பெனி அதே ஆண்டு பிப்ரவரியில் இப்படிச் சோதிக்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஏன் செய்யவில்லை? செய்யாவிட்டால் அவர்களுக்கு நஷ்டமில்லை. நஷ்டம் ஊராருக்கு. அவர்கள் மடையைக் காக்காததால் மூழ்கியது அவர்கள் வயல் அல்ல, மற்றவர்கள் வயல். செலவு தனக்கு, பலன் பிறருக்கு என்றால் முதலாளி செலவு செய்வானா? லாபம் தனியாருக்கு, நஷ்டம் பொதுஜனத்துக்கு என்ற பழைய முதலாளித்துவ நீதியே கண்ணாடிக் கம்பிக்குள்ளும் ஓடுகிறது.

இந்தப் பாதை ஆதியிலிருந்தே தனியாருடையதா? அதுவும் இல்லை. இன்டர்நெட்டின் முதுகெலும்பாக அமெரிக்காவில் இருந்தது தேசிய விஞ்ஞான நிதியம் பொதுப் பணத்தில் நடத்திய வலையமைப்பு. 1995 ஏப்ரல் 30ஆம் தேதி அதை மூடிவிட்டுப் பாதையைத் தனியார் கம்பெனிகள் கையில் விட்டார்கள். ரோட்டைக் கொடுத்தார்கள். ரோட்டைக் காக்கும் கடமையைச் சட்டமாக எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த உலோகக் கம்பெனியைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்ட் 15ஆம் தேதி அது தன் ஆலைகளில் கதவடைப்புச் செய்தது. ஐக்கிய உருக்குத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 2,200 தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2021 மார்ச் 30 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலை வரை நின்று போராடினார்கள். வெரைசனிலும் 2016 ஏப்ரல் 13 முதல் ஏறக்குறைய 40,000 தொழிலாளர்கள் ஏழு வாரம் வேலை நிறுத்தம் செய்தார்கள். தொழிலாளிக்கு எதிராக வாசலைக் காவல் காப்பதில் இந்தக் கம்பெனிகள் கண் இமைப்பதில்லை. பொதுஜனங்களின் பாதையைக் காக்கிற வாசலில் மட்டும் காவலாளி இல்லை!

"போட்டி இருக்கிறதே!" என்பவர்களுக்கு

தனியார் மயத்தைப் பாடுகிறவர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். "ஒரு கம்பெனி கெட்டால் இன்னொன்று இருக்கிறது. போட்டியே பாதுகாப்பு" என்பார்கள். 2019 ஜூன் 24 இந்த வாதத்துக்குப் பதில் சொல்லிவிட்டது. அன்று வெள்ளம் புகுந்தது இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் இருந்த சந்து வழியாகத்தான். இரண்டு பேரும் பொதுவான விதிக்குக் கட்டுப்பட்டு நடந்தால் இரண்டு இணைப்பு பலம். கட்டுப்படாவிட்டால் அதுவே ஓட்டை.

"தாமாகவே திருந்துவார்கள்" என்பது அடுத்த வாதம். எத்தனை நாள் காத்திருப்பது? 1997 ஏப்ரல் 25 அன்றே அமெரிக்காவில் ஒரு சிறிய வலையமைப்பு இப்படிப் பொய் வழிகளைப் பரப்பி இன்டர்நெட்டின் பெரும்பகுதியை நிலைகுலையச் செய்தது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபுக்குத் தவறான வழி சொன்னது. அதன் மேல் கம்பெனி சோதிக்காமல் உலகத்துக்குச் சொன்னது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தில் பெரும்பாலோருக்கு யூடியூப் கிடைக்கவில்லை. 2014இல் நல்லெண்ணம் கொண்டவர்கள் சேர்ந்து, வலையமைப்புகள் தாமாக ஏற்க வேண்டிய ஒழுங்குமுறை ஒன்றை வெளியிட்டார்கள். விரும்பியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். விரும்பாதவர்கள் போடவில்லை. 2024 ஜூன் மாதத்தில்தான் அமெரிக்க சர்க்காரின் தொலைத்தொடர்புக் கமிஷன், பெரிய கம்பெனிகள் இந்த விஷயத்தில் தாங்கள் செய்வது என்ன என்று அறிக்கை தர வேண்டும் என்ற யோசனையை வெளியிட்டது. 1997இல் கற்ற பாடத்துக்கு 2024இல் யோசனை!

பஞ்சாலைத் தோழர்களே, பாய்லர் வெடித்துத் தொழிலாளிகள் செத்த காலம் நம் முன்னோர்களுக்குத் தெரியும். பாய்லரைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது என்று ஆலை முதலாளிகள் தாமாகத் திருந்தினார்களா? இல்லை. 1923இல் இந்த நாட்டில் பாய்லர் சட்டம் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சர்டிபிகேட் தர வேண்டும் என்றது. சுழலும் யந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பாய்லருக்கு ஒரு நீதி, மடைக்கு ஒரு நீதியா?

நம் நாட்டுக் கம்பெனிகள்

இது அமெரிக்கக் கதை என்று நாம் திருப்திப்பட்டுக் கொள்ள இடமில்லை. 2015 நவம்பர் 6 அன்று பாரதி ஏர்டெல் கம்பெனியின் வலையமைப்பு, பிறருக்குச் சொந்தமான ஆயிரக்கணக்கான முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று உலகத்துக்கு அறிவித்தது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடபோன் ஐடியாவின் வலையமைப்பு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளுக்கு இவ்வாறே அறிவித்தது. இரண்டு முறையும் சோதிக்காமல் நம்பிய மேல் கம்பெனிகள் இருந்தன.

இதே காலத்தில் பொதுத்துறை என்ன பாடுபட்டது? பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31ஆம் தேதி ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஊர் ஊராகக் கம்பி தெரிந்தவர்கள், பழுது தெரிந்தவர்கள். அனுபவம் என்பது கடையில் வாங்குகிற சரக்கா, வேண்டும்போது வாங்கிக் கொள்ள? பழுது நேர்ந்த நேரத்தில் டெலிபோனை எடுக்க ஒரு மனிதர் இருந்தாரா இல்லையா என்பதே 2019இல் வித்தியாசத்தை உண்டாக்கியது. ஆட்குறைப்பைச் சிக்கனம் என்கிறார்கள். உண்மையில் அது பாதுகாப்பை விற்று லாபக் கணக்கில் சேர்ப்பது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் யந்திரம் வேலை செய்யாத ஒவ்வொரு நாளும் இந்த வழிக் கோளாறுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. டவர் இல்லாமல் இருக்கலாம். சர்வர் திணறலாம். யந்திரமே பழுதாக இருக்கலாம். நாம் சொல்வது இதுதான்: "நெட் இல்லை" என்பது மழை பெய்யவில்லை என்பது போன்ற இயற்கைச் செய்தி அல்ல. ஒவ்வொரு பழுதுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. பழுதின் தண்டனை மட்டும் சொந்தக்காரனுக்குப் போகாமல், வரிசையில் நிற்கிற ஏழைக்கு வருகிறது.

ஓர் எச்சரிக்கை

சட்டம் வேண்டும் என்று நாம் சொன்னதும், "சரி, சர்க்கார் கையில் சாவியைக் கொடுத்துவிடுவோம்" என்று சிலர் முன்வரலாம். அங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2008இல் யூடியூபுக்கு நேர்ந்த கதி எங்கிருந்து ஆரம்பித்தது? தன் நாட்டு ஜனங்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று பாகிஸ்தான் சர்க்கார் போட்ட உத்தரவிலிருந்துதான். நம் நாட்டில் 2019 ஆகஸ்ட் மாதம் ஜம்மு காஷ்மீரில் இன்டர்நெட்டை அடைத்தார்கள். முழு வேகச் செல்போன் இன்டர்நெட் அங்கே முழுமையாகத் திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். அங்கேயும் தொழிலாளிகள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள், ஆஸ்பத்திரிகள் இருந்தன.

மடையைப் பாதுகாக்கும் விதி ஒன்று. ஊருக்குத் தண்ணீரை அடைக்கும் அதிகாரம் வேறொன்று. முதலாவது ஜனங்களுக்குப் பாதுகாப்பு. இரண்டாவது ஜனங்களுக்கு எதிரான ஆயுதம். முதலாவதைக் கேட்கிற நாம் இரண்டாவதை எதிர்க்கிறோம். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்களை நம்ப வேண்டாம்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: வாடிக்கையாளர் சொல்லும் வழிகளைச் சோதிக்காமல் எந்தக் கம்பெனியும் மேலே அனுப்பக் கூடாது. சல்லடை, எண்ணிக்கை வரம்பு, முத்திரைப் பத்திரச் சோதனை ஆகிய மூன்றும் லைசென்சின் நிபந்தனையாக வேண்டும். விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற சலுகை போக வேண்டும்.

இரண்டு: பழுது நேர்ந்தால் இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்லும் ஆள் ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்க வேண்டும். காண்டிராக்ட் கூலியாக அல்ல, பயிற்சியும் நிரந்தர வேலையும் உள்ள தொழிலாளியாக இருக்க வேண்டும்.

மூன்று: பெரிய பழுது ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்படி, யாரால் என்று பகிரங்க அறிக்கை வேண்டும். ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் வேண்டும்.

நான்கு: பி.எஸ்.என்.எல்.லைப் பலப்படுத்த வேண்டும். பொதுப் பாதைக்குப் பொதுத்துறையே முதுகெலும்பாக இருக்க வேண்டும்.

ஐந்து: இது நமக்கு மிக அவசரமானது. நெட் இல்லை, யந்திரம் வேலை செய்யவில்லை என்ற காரணத்தால் யாருக்கும் அரிசி மறுக்கப்படக் கூடாது, யாருடைய கூலியும் வெட்டப்படக் கூடாது. நோட்டில் எழுதிக் கொடு, பிறகு யந்திரத்தில் ஏற்று. கம்பெனியின் கோளாறுக்கு ஏழையின் வயிறு ஜாமீன் நிற்க முடியாது.

எழுபதாயிரம் வலையமைப்புகள் ஒன்றையொன்று நம்பி உலகத்தை இணைத்திருப்பது மனித உழைப்பின் மகத்தான சாதனை. அதைக் கட்டியது கோடானுகோடி மணி நேர உழைப்பு. பள்ளம் தோண்டியவர், கம்பி இழுத்தவர், கடலில் கேபிள் போட்டவர், இரவில் கண் விழித்துப் பழுது பார்த்தவர் எல்லாரும் தொழிலாளிகள். ஒருவரையொருவர் நம்பி உழைக்கிறவர்கள் கட்டிய பாதையில், யாருக்கும் பொறுப்பில்லை என்கிற கம்பெனிகள் மடைச் சாவியை வைத்திருக்கின்றன.

அடுத்த முறை ரேஷன் கடையிலோ பாங்கிலோ "நெட் இல்லை" என்று சொன்னால், வெறுங்கையோடு வீடு திரும்பாதீர்கள். எங்கே இல்லை, யாரால் இல்லை, எப்போது வரும், அதுவரை எங்கள் அரிசிக்கும் கூலிக்கும் என்ன வழி என்று கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பதிலை எழுத்து மூலம் கேளுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். சங்கத்தின் மூலம் கேளுங்கள்!